லின்னேயஸ் கண்ட சிறு மலர்

தாவரவியல் மாணவனாகிய நான் மனப்பாடம் செய்யும் பெயர்கள் பலவற்றின் இறுதியில் ‘எல்’ என்ற ஒற்றை எழுத்து நிற்கும். அவ்வெழுத்துக்கு உரியவர் கார்ல் லின்னேயஸ்.

1707 மே 23இல் ஸ்வீடன் நாட்டுச் சிற்றூர் ஒன்றில், ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். மகனும் பாதிரியாராக வேண்டுமென்பது பெற்றோர் ஆசை. பையனுக்கோ பாடத்தைவிடப் பூக்கள் மீதே நாட்டம். இவனுக்குப் படிப்பு ஏறாது, கைத்தொழிலில் சேர்த்துவிடலாம் என்றனர் ஆசிரியர்கள். ரோத்மன் என்னும் மருத்துவர் ஒருவரே குறுக்கிட்டு, மருத்துவம் படிக்க வைக்கும்படி தந்தையை வற்புறுத்தினார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பள்ளிப் படிப்பு முடிந்ததும் என்னையும் வேலைக்கு அனுப்பச் சொன்னவர்கள் உண்டு. படிக்கட்டும் என்று சொன்னவர் ஒருவரே. ஆகவே ரோத்மனின் பெயர் என் நெஞ்சில் நிலைத்துவிட்டது.

1728இல் உப்சலா பல்கலைக்கழகம் சேர்ந்த லின்னேயஸை வறுமை வாட்டியது. தேய்ந்த காலணிக்குள் காகிதத்தை வைத்து நடந்தார். மறு ஆண்டு, தாவரத் தோட்டத்தில் அவரைக் கண்ட பேராசிரியர் ஓலோஃப் செல்சியஸ், அவரது அறிவை வியந்து தம் இல்லத்திலேயே இடமளித்தார்.

1732இல் லாப்லாந்துக்குப் பயணமானார். அந்தக் கடுங்குளிர் நாட்டில் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது ஒரு சிறு கொடி. ஊசியிலைக் காடுகளில் பாசிகளுக்கிடையே தரையோடு படர்வது; பனிக்காலத்திலும் இலை உதிராதது. விரல் நீளக் காம்பு இரண்டாகப் பிரிந்து, இளஞ்சிவப்பு மணிகள் போல் இரு மலர்கள் தலை கவிழ்ந்து மணக்கும். க்ரோனோவியஸ் என்ற அறிஞர் அதற்கு லின்னேயா என்று பெயரிட்டார். தம்மைப் போலவே எளியது, எவர் கண்ணிலும் படாதது என்று அதைக் கருதினார் லின்னேயஸ். பின்னாளில் பிரபு பட்டம் பெற்றபோதும், தம் குலச்சின்னத்தில் அம்மலரையே பொறித்துக்கொண்டார்.

1753இல் வெளிவந்த அவரது நூல், ஏறத்தாழ 6,000 தாவரங்களுக்கு இருசொற் பெயரைத் தந்தது. அதற்குமுன் ஒரு செடியின் பெயர் ஒரு முழு வாக்கியமாக நீளும். அவருடைய மாணவர்கள் உலகெங்கும் சென்றனர். அவர்களுள் கோனிக் என்பவர் 1768இல் நம் தரங்கம்பாடிக்கே வந்தார். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் உள்ள ‘கோனிகி’ அவர் நினைவே!

லின்னேயஸ் 1778 ஜனவரி 10இல் மறைந்தார். நண்பர்களே, வானளாவிய மரங்கள் எத்தனையோ இருக்க, மண்ணோடு கிடந்து பனியைத் தாங்கிப் பூக்கும் கொடியை அவர் தமதாக்கிக்கொண்டார். கிழிந்த காலணியோடு வந்தவர்க்கன்றோ அதன் அருமை தெரியும்!