கோவையின் ரேஸ் கார் மனிதர் கரிவரதன்

2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன், நம்ம கோயமுத்தூர்க்காரர். இது எல்லாருக்கும் தெரியும். நான் எழுதுவது அவருக்கு முன்னாடி இருந்த எஸ். கரிவரதனைப் பற்றி.

1954-ல் பிறந்தார். லட்சுமி மில்ஸ் குடும்பம். பணத்துக்குக் குறைவில்லை, ஆனால் அவருக்குப் பிடித்ததோ ஸ்பேனரும் கிரீஸும்தான்! சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் அப்போது கார் பந்தயம் நடக்கும். அங்கே இவரும் ஓட்டினார். நல்ல ரேஸ் கார் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். விஜய் மல்லையா என்சைன் என்ற பழைய ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். சாதாரண ஆட்கள் எங்கே போவார்கள்?

கரிவரதன் என்ன செய்தார் தெரியுமா? ரோட்டில் ஓடும் மாருதி 800-ன் எஞ்சினை (796 சி.சி., மூன்று சிலிண்டர்) வைத்து, ஒருத்தர் மட்டும் உட்காரும் ரேஸ் காரைக் கோவையிலேயே கட்டினார். அதுதான் ஃபார்முலா மாருதி. எஞ்சின் ரிப்பேர் ஆனால் சாமான் உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கார், அதனால் ஜெயிப்பது பணம் இல்லை, ஓட்டுகிறவர் திறமை. என்னைக் கேட்டால் கோப்பைகளை விட இதுதான் பெரிசு. 1993-ல் பதினாறு வயது நரேனும் ஃபார்முலா மாருதி ஓட்டினார்.

1995-ல் சிறிய விமானம் ஒன்று விழுந்து கரிவரதன் இறந்துபோனார். நரேன் ஃபார்முலா ஒன்னுக்குப் போனதை அவர் பார்க்கவே இல்லை. செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தளத்துக்கு அவர் பெயர்தான், கரி மோட்டார் ஸ்பீட்வே. சத்தியமங்கலத்திலிருந்து கோவை போய் பஸ் மாறிப் போகலாம்.