குங்எல்வ் பனியில் ஓர் அகதி போட்ட கணக்கு

லோறென்ஸ்கூக்கில் இருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோத்தன்பேர்க் லீசபேர்க் பூங்காவுக்குப் போகிறவர்கள், ஈ 6 நெடுஞ்சாலையில் குங்எல்வ் என்ற சிறு ஊரைத் தாண்டித்தான் போகிறோம். அணுக்கரு பிளவுபடுகிறது என்ற விளக்கம் பிறந்த ஊர் அது. விளக்கியவர்களில் மூத்தவர் ஓர் அகதிப் பெண்.

லீசே மைட்னர் 1878 இல் வியன்னாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1907 இல் பெர்லின் சென்று, இரசாயனவியலாளர் ஓட்டோ ஹானுடன் முப்பது ஆண்டுகள் ஆய்வு செய்தார். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஒஸ்திரியாவை விழுங்கியதும் அவருடைய கடவுச்சீட்டு செல்லாமற் போனது. யூலை 13 அன்று, 59 வயதில், 10 மார்க் பணத்தோடு ஒல்லாந்து எல்லையைத் தாண்டினார். பிறகு சுவீடனில் அடைக்கலம். ஸ்ரொக்ஹோமில் இருக்க இடம் கிடைத்தது. ஆய்வுக்குத் தக்க கருவிகள் கிடைக்கவில்லை.

அந்த நத்தாருக்கு நண்பி ஒருவரின் அழைப்பில் குங்எல்வ் வந்தார். யுரேனியத்தை நியூத்திரனால் தாக்கினால் பேரியம் வருகிறது, காரணம் விளங்கவில்லை என்று ஹான் எழுதியிருந்தார். தமக்கையின் மகன் ஓட்டோ பிறிஷுடன் பனியில் நடந்தபடி கணக்குப் பார்த்தார். கரு இரண்டாகப் பிளந்திருந்தது. யுரேனியம் 92, பேரியம் 56. மிச்சம் 36, அது கிரிப்தன் வாயு. கணக்காளனான எனக்கு இதைவிட அழகான ஐந்தொகை தெரியாது.

அந்த வாயுதான் பின்னர் பொறியியலாளருக்குத் தலையிடி. உலைக்குள் 100 பிளவுகளுக்கு ஏறத்தாழ 25 செனன், கிரிப்தன் அணுக்கள் சேருகின்றன. உலோகத்தில் அவை கரையா. ஒன்றுகூடிக் குமிழாகி, புளித்த அப்பமாவைப் போல யுரேனியத்தைப் பொங்க வைக்கும், உறையும் வெடிக்கலாம். ஆகவே பிற்கால உலோக எரிபொருளில், உறைக்குள் கால்வாசி இடத்தைப் பொங்குவதற்கென்றே விட்டார்கள். குமிழ்கள் ஒன்றோடொன்று இணைந்ததும் வாயு மேலேயுள்ள வெற்றிடத்துக்குப் போய்விடும். நமக்கு அயலிலுள்ள ஷெல்லரில் 1951 இல் இயங்கத் தொடங்கிய நோர்வேயின் முதல் உலையிலும் உலோக யுரேனியமே இருந்தது.

1944 ஆம் ஆண்டுக்கான இரசாயன நோபல் பரிசு ஹானுக்கு மட்டுமே கிடைத்தது. அணுகுண்டு வேலைக்கு அழைத்தபோது மைட்னர் மறுத்துவிட்டார். 1968 ஒக்ரோபர் 27 அன்று கேம்பிரிட்ஜில் காலமானார். 109 ஆம் மூலகத்துக்கு மைட்னேரியம் என்ற பெயர் 1997 இல்தான் உறுதியானது.

பட்டத்தையும் பதவியையும் ஊரில் விட்டுவந்து, இங்கே துப்புரவு வேலையில் தொடங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அடுத்தமுறை குங்எல்வைத் தாண்டும்போது, பின்னிருக்கைப் பிள்ளைகளுக்கு இந்த அம்மையாரைப் பற்றிச் சொல்லுங்கள்.