கிதார் வித்தகர் லெஸ் பால்

கருவியின்றிக் கலை சிறவாது. கலையறிவின்றிக் கருவியும் பயன்படாது. இவ்விரண்டும் ஒருங்கே கைவரப்பெற்றோர் உலகில் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர், மின்சாரக் கிதாரைத் தம் இல்லத்திலேயே ஒலிப்பதிவு செய்து இசையுலகின் போக்கை மாற்றிய லெஸ் பால் என்னும் அமெரிக்கர். அவர்தம் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

லெஸ்டர் வில்லியம் பால்ஸ்ஃபஸ் என்பது இவருடைய இயற்பெயர். விஸ்கான்ஸின் மாகாணத்து வாக்கெஷா என்னும் ஊரில் 1915ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9ஆம் நாள் பிறந்தார். இளமையிற் கிதாரும் ஹார்மோனிக்காவும் பயின்று, இரண்டையும் ஒரே காலத்தில் வாசிக்கும் பொருட்டு, ஹார்மோனிக்காவைக் கழுத்தில் தாங்கும் கம்பிச் சட்டம் ஒன்றைத் தாமே வளைத்துச் செய்துகொண்டார். உணவு விடுதியொன்றின் வெளியே வாசித்தபொழுது, தொலைவிலிருந்தோர்க்குக் கிதாரின் ஒலி எட்டவில்லை. ஆகவே கிராமபோனின் ஊசிப் பகுதியைக் கிதாரிற் பொருத்தி, ரேடியோவின் வழியாக அவ்வொலியைப் பெருக்கினார்.

ஆயினும் ஓர் இடர் எஞ்சிற்று. உள்ளீடற்ற மரவுடல், பெருக்கிய ஒலியால் தானும் அதிர்ந்து ஊளையிடத் தொடங்கும். உடல் அதிராதிருப்பின் நரம்பின் ஒலியே தனித்து நிற்குமன்றோ? இக்கருத்தால் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில், நியூயார்க்கில் எபிஃபோன் தொழிற்சாலையில், நான்கு அங்குலச் சதுரப் பைன் கட்டையொன்றில் நரம்புகளையும் காந்தச் சுருள்களையும் பூட்டினார். கிதாரின் தோற்றம் பெறும்படி அதன் இருபுறமும் மரச்சிறகுகளைச் சேர்த்தார். கிப்ஸன் கம்பெனியார் அதனை அப்பொழுது ஏற்றிலர். அவர்களே 1952இல் இவர் பெயர் பொறித்த கிதாரை விற்பனைக்குக் கொணர்ந்தனர்.

பின்னர் ஹாலிவுட் சென்ற பால், தம் வீட்டு மோட்டார்க் கொட்டகையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கினார். காடிலாக் வண்டியின் கனத்த சக்கரம் ஒன்றே அவருடைய இசைத்தட்டு இயந்திரத்தைச் சீராகச் சுழற்றியது. ஒலிபெருக்கியின் எதிரே ஒலிவாங்கியை வைக்கும் வழக்கத்தை விடுத்து, கிதாரிலிருந்து கம்பி வழியே மின்னோசையை நேராகப் பதிவுக்கருவிக்குச் செலுத்தினார். அதனால் தெருவின் இரைச்சல் கிதாரின் ஒலியோடு கலவாதாயிற்று. ஒரு தட்டில் பதிந்ததனோடு சேர்ந்து வாசித்து மற்றொரு தட்டிற் பதிவார். இவ்வாறு எட்டுக் கிதார்களும் இவர் ஒருவராலேயே வாசிக்கப்பெற்ற 'லவர்' என்னும் இசைத்தட்டு 1948இல் வெளிவந்தது.

அவ்வாண்டு ஜனவரியிலேயே பெருந்துன்பம் நேர்ந்தது. ஓக்லஹோமாவில் மோட்டார் விபத்தில் வலது முழங்கை நொறுங்கிற்று; இனி அது மடங்காதென்பது உறுதியாயிற்று. அஞ்ஞான்றும் கலையை விட மனம் ஒவ்வாத பால், கிதாரைத் தழுவி வாசித்தற்கேற்ற கோணத்தில் கையை நிலைநிறுத்துமாறு மருத்துவர்களை வேண்டினார். எஞ்சிய வாழ்நாளெல்லாம் அக்கையோடே வாசித்தார்.

1949இல் பாடகி மேரி ஃபோர்டை மணந்தார். பாடகர் பிங் கிராஸ்பி ஆம்பெக்ஸ் நாடாப்பதிவுக் கருவியொன்றை இவருக்கு வழங்கினார். பால் அதில் மற்றுமொரு முனையை அமைத்தார். பழைய ஒலி அழியுமுன் அம்முனை அதனைப் படித்துக் கொடுக்கும். புதிய வாசிப்போடு கலந்து அஃது அதே நாடாவில் மீண்டும் பதியும். முந்தைய பதிவோ மீளாது மறையும். பத்து அடுக்குகள் முடிந்தபின் ஒரு சுரம் பிழைத்தாலும் முதலிலிருந்தே தொடங்கல் வேண்டும். 1951இல் ஒன்பது வாரம் முதலிடம் பெற்ற 'ஹௌ ஹை தி மூன்' இத்தகைய துணிவின் விளைவே. 1957இல் இவருக்கென ஆம்பெக்ஸார் எட்டுத் தடக் கருவியை அமைத்தளித்த பின்னரே, ஒரு தடத்தின் பிழை மற்றொன்றைக் கெடாதாயிற்று.

இவர் வகுத்த நேர்வழிக்கும் ஒரு குறையுண்டு. ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு மிகக் கூரிய ஒலிகளைத் தணித்துவிடும். பாலின் தெளிந்த ஓசைக்கு அஃது இன்றியமையாததன்று. பின்வந்தோர் விரும்பிய முரட்டோசையோ பெட்டியின்றிக் குளவிக் கூட்டத்தின் இரைச்சலாகும். ஆதலின் இக்காலத்தார், பெட்டிக்குட் சோதனையொலி ஒன்றைச் செலுத்தி, அதன் மறுமொழியை ஒலிவாங்கியால் அளந்து, எண்வரிசையாகக் கணினியிற் சேமிக்கின்றனர். நேராக வந்த கிதாரோசையைக் கணினி அவ்வெண்களோடு கலக்க, இல்லாத பெட்டியின் நாதம் பிறக்கின்றது. நள்ளிரவில் அயலார் உறக்கங் கெடாமல் ஒரு மாணவன் தன் அறையிலிருந்தே பதிவு செய்தல் இதனாற் கூடுகின்றது.

முதுமையில் மூட்டுவாதம் விரல்களை முடக்கியும், பால் நியூயார்க்கில் திங்கட்கிழமை இரவுதோறும் வாசித்து வந்தார். 2005இல் புதுமை புனைந்தோர்க்குரிய தேசிய மன்றத்தில் இவர் பெயர் சேர்க்கப்பெற்றது. 2009 ஆகஸ்ட் 12ஆம் நாள், தம் 94ஆம் வயதில் காலமானார்.

தக்க கருவி கிட்டவில்லையென்று கலையை ஒத்திவைப்போர் பலர். கிட்டாத கருவியைத் தாமே ஆக்கி, மடங்காத கையையும் கலைக்கு இசைவித்த இப்பெரியார் வாழ்வு, நம்மனோர் நினைவிற் கொள்ளத்தக்கது.