கப்பல் பக்கவாட்டில் ஒரு கோடு: யார் இந்த பிளிம்சால்?

கன்டெய்னர்களை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், மொத்த எடை கூடினா கப்பலுக்கு ஆபத்துதான். அதனால்தான் சரக்குக் கப்பலின் பக்கவாட்டில் ஒரு வட்டமும் குறுக்கே ஒரு கோடும் இருக்கும். கடலுக்கும் பருவத்துக்கும் ஏற்ற கோடுகள் பக்கத்திலேயே உண்டு. அன்றைக்குரிய கோடு மூழ்கினா, சுமை ஓவர்னு அர்த்தம்.

இதுக்காகப் போராடியவர் சாமுவேல் பிளிம்சால். 1824-ல் பிரிஸ்டலில் பிறந்தவர். லண்டனில் நிலக்கரி வியாபாரம் நொடிச்சுப்போய், ஏழைகளோடு ஏழையாக வாழ்ந்தார். 1868-ல் டெர்பி தொகுதி எம்.பி. ஆனார்.

அப்போ பிரிட்டனில் சில முதலாளிகள் ஓட்டை உடைசல் கப்பலில் அளவுக்கு மீறி சரக்கு ஏற்றி அனுப்புவாங்க. மூழ்கினா இன்சூரன்ஸ் பணம் வந்துடும். போறது மாலுமிகளின் உயிர். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மாலுமி பயந்து ஏற மறுத்தா, ஜெயில்!

1873-ல் இதை அம்பலப்படுத்திப் புத்தகம் எழுதினார் பிளிம்சால். அவதூறு வழக்குகள் பாய்ந்தன. 1875-ல் கப்பல் பாதுகாப்பு மசோதாவை அரசு கைவிட, நாடாளுமன்றத்திலேயே கொதித்தெழுந்தார். பிறகு மன்னிப்புக் கேட்டார். ஆனா மக்கள் அவர் பக்கம் நின்றார்கள்.

1876-ல் கோடு கட்டாயமானது. அதிலும் ஒரு ஓட்டை: எங்கே வரையணும்கிறது முதலாளி இஷ்டம். அதை அடைக்க 1890-ல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது.

1898-ல் பிளிம்சால் இறந்தார். 1930-ல் அந்தக் கோடு சர்வதேச ஒப்பந்தமாகி, மற்ற நாட்டு மாலுமிகளுக்கும் காவலானது.