கோழிப்பண்ணையிலிருந்து எழுந்த விமானம்: இகோர் சிகோர்ஸ்கியின் வாழ்க்கை

1919 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், பிரான்சிலிருந்து புறப்பட்ட கப்பலொன்று நியூயோர்க் துறைமுகத்தை வந்தடைந்தது. அதிலிருந்து இறங்கியோருள் 29 வயதான ருஷ்யப் பொறியியலாளர் ஒருவரும் இருந்தார். கையில் சில நூறு டொலர்கள். பேச்சில் தடுமாறும் ஆங்கிலம். பெற்ற மகளோ பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், புரட்சியும் உள்நாட்டுப் போரும் சூழ்ந்த நாட்டில். உலகின் முதலாவது நான்கு இயந்திர விமானத்தை வடிவமைத்து, அதைத் தாமே ஓட்டிப் பறந்து, மன்னரிடம் பொற்கடிகாரம் பரிசு பெற்றவர் இவர் என்பதைத் துறைமுகத்தில் நின்ற எவரும் அறிந்திருக்க நியாயமில்லை. அகதியின் முகத்தில் அவனுடைய கடந்தகாலம் எழுதப்பட்டிருப்பதில்லை.

அவர் பெயர் இகோர் சிகோர்ஸ்கி. பயணிகள் விமானத்தின் வரலாற்றையோ உலங்குவானூர்தியின் வரலாற்றையோ இப்பெயரைத் தவிர்த்து எழுத இயலாது. அவர் பெற்ற வெற்றிகள் பலரும் அறிந்தவை. அவ்வெற்றிகளுக்காக அவர் தம் வாழ்நாளில் மூன்று தடவை அடியிலிருந்து தொடங்க நேர்ந்தது என்பதே நாம் அறிய வேண்டியது.

கீவ் நகரத்துச் சிறுவன்

சிகோர்ஸ்கி 1889 ஆம் ஆண்டு மே மாதம் 25 ஆம் திகதி, அன்றைய ருஷ்யப் பேரரசின் கீவ் நகரில் பிறந்தார். தந்தையார் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியர். தாயாரும் மருத்துவம் கற்றவர். ஆனால் தொழில் புரியாது பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வியூட்டினார். லியனாடோ டாவின்சி வரைந்த பறக்கும் பொறிகளைப் பற்றியும், ஜூல்ஸ் வேர்ணின் கற்பனைக் கதைகளைப் பற்றியும் மகனுக்கு எடுத்துரைத்தவர் அவரே. 12 வயதளவில் சிறுவன் இறப்பர் பட்டியின் முறுக்கத்தால் மேலெழும் உலங்குவானூர்திப் பொம்மை ஒன்றைச் செய்தான்.

அக்காலத்திலேயே அவன் ஒரு கனவு கண்டான். ஒடுங்கிய நடைவழி, இருபுறமும் மரக்கதவுகள், மேலே நீலம் படர்ந்த மெல்லொளி, காலடியில் இலேசான அதிர்வு. தான் நடப்பது வானில் மிதக்கும் கப்பல் ஒன்றினுள் என்பது கனவிலேயே அவனுக்குத் தெரிந்திருந்தது. மனிதன் பறக்கவே முடியாதெனப் பெரியோர் நம்பியிருந்த காலம் அது.

1903 இல் சென். பீற்றர்ஸ்பேர்க் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்த அவர், மூன்றாண்டுகளில் அதை விட்டு விலகி, பின்னர் கீவ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பயின்றார். ரைட் சகோதரர்களின் பறப்புப் பற்றிய செய்தி 1908 இல் ஐரோப்பாவெங்கும் பரவியபோது அவருடைய எதிர்காலம் தீர்மானமாயிற்று. சகோதரி கொடுத்த பணத்துடன் பாரிஸ் சென்று, 25 குதிரைவலு இயந்திரம் ஒன்றை வாங்கி வந்தார். 1909 இல் அவர் அமைத்த முதலாவது உலங்குவானூர்தி தரையை விட்டு அசையவில்லை. 1910 இல் அமைத்த இரண்டாவது தன் பாரத்தை மட்டும் தூக்கியது. ஓட்டுநரைத் தூக்க அதற்கு வலுவிருக்கவில்லை. அம்முயற்சியை ஒத்திவைத்து, அவர் இறக்கை விமானங்களின் பக்கம் திரும்பினார். அந்த ஒத்திவைப்பு சுமார் 30 ஆண்டுகள் நீடித்தது.

1911 இல் அவருடைய விமானமொன்றின் இயந்திரம் நடுவானில் நின்றது. எரிபொருள் செல்லும் வழியை அடைத்தது ஒரு நுளம்பு! ஒரு நுளம்பினால் ஓர் உயிர் போகக்கூடுமெனில், ஒற்றை இயந்திரத்தை நம்பிப் பயணிகளை ஏற்றுவது தகாது என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஓர் இயந்திரம் நின்றாலும் மற்றவை தாங்கவேண்டும் என்னும் இவ்வெண்ணமே பின்னர் பயணிகள் விமானத்துறையின் அடிப்படைகளுள் ஒன்றாயிற்று.

1912 இல் ருஷ்ய-பால்டிக் வண்டித் தொழிற்சாலையின் விமானப் பிரிவுக்கு அவர் தலைமைப் பொறியியலாளரானார். மறு ஆண்டு மே மாதம் அவருடைய நான்கு இயந்திர விமானம் பறந்தது. இவ்வளவு பெரிய பொறி எழாது என்று நிபுணர் பலர் முன்னரே தீர்ப்பளித்திருந்தனர். மூடிய அறை, இருக்கைகள், கழிப்பறை ஆகியன அதில் இருந்தன. பயணி என்பவன் காற்றிலும் குளிரிலும் நடுங்கிக்கொண்டு இருக்கவேண்டியவன் அல்லன் என்று கருதி அமைக்கப்பட்ட விமானம் அது. அதன் வழிவந்த இலியா முரோமெத்ஸ் 1914 பெப்ரவரியில் 16 பேரை ஏற்றிப் பறந்தது. அவ்வாண்டுக் கோடையில் அதே வகை விமானமொன்றில் தலைநகரிலிருந்து சுமார் 1,200 கிலோமீற்றர் தொலைவிலிருந்த கீவ் நகருக்குச் சென்று திரும்பினார் சிகோர்ஸ்கி.

சில வாரங்களில் முதலாம் உலகப் போர் மூண்டது. பயணிகளுக்கென அமைந்த விமானத்தில் குண்டுகள் ஏற்றப்பட்டன. எழுபதுக்கு மேற்பட்ட முரோமெத்ஸ் விமானங்கள் போருக்கெனக் கட்டப்பட்டன. படைப்பவனின் நோக்கமும் படைப்பின் பயனும் வேறுவேறு வழி செல்லக்கூடும் என்பதை அவர் முதன்முதலில் கண்டது அப்போதுதான்.

இரவுப் பாடசாலை ஆசிரியர்

1917 இல் புரட்சி வந்தது. மன்னரின் மதிப்பைப் பெற்றிருந்தவர்க்குப் புதிய ஆட்சியில் உயிராபத்து இருந்தது. 1918 இன் தொடக்கத்தில் வட துறைமுகமொன்றிலிருந்து கப்பலேறி இங்கிலாந்து சென்று, அங்கிருந்து பிரான்சை அடைந்தார். மனைவி நாட்டிலேயே தங்கிவிட்டார். அத்திருமணம் அத்துடன் முறிந்தது. பிரெஞ்சு அரசு ஒரு விமானத்தை வடிவமைக்கும் பணியைக் கொடுத்தது. நவம்பரில் போர் முடிந்தது, பணியும் முடிந்தது. பின்னரே அமெரிக்கப் பயணம்.

ஆனால் அமெரிக்காவிலும் வேலையில்லை. போரில் மிஞ்சிய விமானங்கள் மலிவாக விற்கப்பட்டமையால் புதிய விமானங்களைக் கேட்பாரில்லை. நியூயோர்க்கில், தம்மைப்போல் புலம்பெயர்ந்து வந்த ருஷ்யத் தொழிலாளருக்கு இரவு வேளைகளில் கணக்கும் கேத்திரகணிதமும் கற்பித்தார். வானியல் பற்றியும் விமானவியல் பற்றியும் விரிவுரைகள் ஆற்றினார். கிடைத்த சில டொலர்களில் அறை வாடகை போக, வேகவைத்த அவரை விதையும் கோப்பியும் உணவாயின. பட்டங்களைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, உணவகங்களில் கோப்பை கழுவச் செல்லும் எம்மவர் பலருக்கு இவ்வாழ்க்கையை விளக்கவேண்டியதில்லை.

அவருடைய விரிவுரைகளைக் கேட்டவர்களே அவரை மீட்டார்கள். உழைப்பாளிகளான அவர்கள் சிறுசிறு தொகைகளைப் பங்குகளாக இட்டனர். 1923 மார்ச்சில் ஒரு நிறுவனம் உருவாகியது. தொழிற்சாலை, லோங் ஐலண்டில் முன்னாள் ருஷ்யக் கடற்படை விமானி ஒருவருக்குச் சொந்தமான கோழிப்பண்ணை. அங்கு வேலை செய்தவர்களுள் முன்னாள் படையதிகாரிகளும் பொறியியலாளரும் இருந்தனர். சம்பளம் வரும் கிழமைகளிலும் பார்க்க வராத கிழமைகளே மிகுதி. பழைய இரும்புக் குவியல்களில் கிடைத்த கட்டிற் சட்டங்கள் விமானத்தின் பாகங்களாயின. பணம் தீர்ந்து நின்றவேளை, அதே நாட்டிலிருந்து வெளியேறி வந்திருந்த இசைமேதை ராக்மனினோவ் 5,000 டொலருக்குப் பங்குகளை வாங்கியதோடு, நிறுவனத்தின் உபதலைவராகத் தம் பெயரையும் உதவினார். அதே ஆண்டில் சிகோர்ஸ்கியின் சகோதரிகளும் மகளும் அமெரிக்கா வந்துசேர்ந்தனர்.

1924 மே மாதம் முதற்பறப்பு. விமானம் புறப்படவிருந்த வேளையில் வேலையாட்கள் எண்மர் அதனுள் ஏறிவிட்டனர். இயந்திரங்கள் பழையவை, பாரம் அதிகம் என்பது சிகோர்ஸ்கிக்குத் தெரியும். ஆயினும் கூலியின்றி உழைத்தவர்களை இறங்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. விமானம் உயர மறுத்து, அருகிலிருந்த கோல்ஃப் மைதானத்தில் விழுந்து சேதமடைந்தது. உயிரிழப்பு இல்லை. மனிதரிடத்துக் கொண்ட இரக்கம் பொறியியல் விதியை மாற்றாது என்பது அன்று அவர் கற்ற பாடம். பங்குதாரரைக் கூட்டி, மீண்டும் பணம் திரட்டி, வலுவான இயந்திரங்களைப் பொருத்தினார். அவ்விமானம் சிறப்பாகப் பறந்தது. அதற்குக் கிடைத்த முதற் கூலி, இரு பியானோக்களை வாஷிங்டனுக்குக் கொண்டு சென்றமைக்காகும்.

நீரிலிருந்து எழுந்த விமானங்கள்

துன்பம் அத்துடன் தீரவில்லை. நியூயோர்க்கிலிருந்து பாரிசுக்கு இடைநில்லாது பறக்கவென அவர் அமைத்த பெரிய விமானம், 1926 செப்டெம்பரில் புறப்படும்போதே கவிழ்ந்து தீப்பற்றியது. நால்வரில் இருவர் மாண்டனர். நிறுவனமும் மாண்டதென்றே பலர் எண்ணினர். ஆனால் 1928 இல் அவர் வெளியிட்ட எஸ்-38 என்னும் விமானம் நிலைமையை மாற்றியது. நீரிலும் தரையிலும் இறங்கவல்ல இவ்விமானம் நூறளவில் விற்பனையாயிற்று. அவ்வாண்டே அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1929 இல் நிறுவனம் கனெற்றிக்கட் மாநிலத்தின் ஸ்ராட்போர்ட் நகருக்கு இடம்பெயர்ந்து, பெருநிறுவனமொன்றின் அங்கமாயிற்று. உடன் வந்த ருஷ்யக் குடும்பங்கள் அங்கு தமக்கெனத் தேவாலயமும் அமைத்துக்கொண்டன.

அக்காலத்தில் விமானங்கள் நீரிலிருந்து எழுந்தமைக்குக் காரணமுண்டு. உலகின் பெரும்பாலான நகரங்களில் பெரிய விமானம் இறங்கத்தக்க ஓடுபாதை இருக்கவில்லை. ஆனால் கரையோர நகரங்களெல்லாம் துறைமுகம் உடையவை. 1991 இல் மூடப்பட்ட பான் அமெரிக்கன் விமான நிறுவனம் இந்த உண்மையைக் கொண்டே கரீபியன் தீவுகளையும் தென் அமெரிக்காவையும் இணைத்தது. அந்நிறுவனத்துக்காக 1931 இல் அமைக்கப்பட்டதே எஸ்-40. 'கிளிப்பர்' எனப் பெயர் சூட்டப்பட்ட விமானங்களுள் முதலாவது அது. நவம்பரில் அதன் முதற் பயணிகள் சேவையை மயாமியிலிருந்து பனாமாவை நோக்கி ஓட்டிச் சென்றவர் லிண்ட்பேர்க்.

அவ்விமானத்தினுள் நடந்து செல்கையில் ஒரு நாள், பணியாளர் விளக்கேற்ற, சிகோர்ஸ்கி திகைத்து நின்றார். ஒடுங்கிய நடைவழி, மரத்தாலான சுவர்கள், நீலம் படர்ந்த ஒளி. கீவ் நகரத்துச் சிறுவன் கனவில் நடந்த இடம் அது. இடையில் முப்பதாண்டுகளும், ஒரு புரட்சியும், ஒரு நாட்டின் இழப்பும் கடந்திருந்தன.

அடுத்து வந்த எஸ்-42, 1935 ஏப்ரலில் சன்பிரான்சிஸ்கோவிலிருந்து ஹொனலூலுவுக்குப் பறந்து பசுபிக் பாதையை ஆராய்ந்தது. 1937 இல் அத்திலாந்திக் பாதையையும் ஆராய்ந்தது. ஆனால் போட்டி நிறுவனங்கள் இன்னும் பெரிய விமானங்களை அமைத்தன. கட்டளைகள் குறைந்தன. 1938 இல் அவருடைய பிரிவை மூட நிருவாகம் முடிவெடுத்தது. 49 வயதில் அவர் மீண்டும் தொடக்கப் புள்ளிக்கு வந்து நின்றார்.

மூன்றாம் தொடக்கம்

நிருவாகத்திடம் அவர் கேட்டது ஒன்றே: தம் பழைய தோழர்களைக் கலைக்காது, உலங்குவானூர்தி ஆய்வுக்கு இடமளிக்க வேண்டும். அது கிடைத்தது. 1939 செப்டெம்பர் 14 ஆம் திகதி, தலையில் வழக்கமான தொப்பியுடன், வி.எஸ்.-300 என்னும் பொறியில் அமர்ந்து தரையை விட்டு எழுந்தார். கயிறுகளால் கட்டப்பட்டிருந்த அப்பொறி சில கணங்களே நின்றது. 1940 மே மாதம் கட்டின்றிப் பறந்தது. மேலே சுழலும் பெரிய விசிறி ஒரு திசையில் சுழல, உடல் எதிர்த்திசையில் திரும்ப முற்படும். வாலில் ஒரு சிறு விசிறியைப் பொருத்தி அவர் அதைத் தடுத்தார். இன்றும் பெரும்பாலான உலங்குவானூர்திகள் இம்முறையையே பின்பற்றுகின்றன. தொடக்கத்தில் அப்பொறி பின்னோக்கியும் பக்கவாட்டிலும் நன்கு பறந்தது; முன்னோக்கிச் செல்லத்தான் சிரமப்பட்டது. நிறுவனத் தலைவர் இதைக் கவனித்துக் கேட்டபோது, அச்சிறு சிக்கல் இன்னும் தீரவில்லை என்று அமைதியாக ஒப்புக்கொண்டாராம்.

1944 ஜனவரி 3 ஆம் திகதி, நியூயோர்க் அருகே போர்க்கப்பலொன்று வெடித்துப் பலர் தீக்காயமடைந்தனர். பனிப்புயலில் வேறெந்த விமானமும் எழாதவேளை, அவருடைய உலங்குவானூர்தியொன்று குருதித் திரவத்தை ஏற்றிச் சென்றது. 1945 நவம்பரில், கனெற்றிக்கட் கரையருகே புயலில் சிக்கிய தோணியிலிருந்து இருவர் பாரந்தூக்கியின் மூலம் மீட்கப்பட்டனர். அன்று விமானத்தை ஓட்டியவர் சிகோர்ஸ்கியின் சகோதரியின் மகன்.

பயணிகள் சேவையும் தொடர்ந்தது. 1950 இல் பிரித்தானியாவில் லிவர்பூலுக்கும் கார்டிஃபுக்கும் இடையிலும், 1953 இல் பெல்ஜியத்திலிருந்து அயல் நாடுகளுக்கும், அதே ஆண்டில் நியூயோர்க் விமான நிலையங்களுக்கு இடையிலும் அவருடைய உலங்குவானூர்திகள் பயணிகளை ஏற்றின. இயக்கும் செலவு மிகுதியாதலால் அத்தகைய நகரச் சேவைகள் பரவலாக நிலைக்கவில்லை. மீட்புப் பணியிலும், கடல் நடுவேயுள்ள எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களை ஏற்றுவதிலும் அவை நிலைத்தன.

இவ்விடத்தில் எம்மவர் மனத்தில் எழும் வினாவை மறைக்க முடியாது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்க்கு உலங்குவானூர்தியின் ஓசை மீட்பின் ஓசை அன்று. பதுங்குகுழிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய ஓசை. அங்கு வட்டமிட்டுச் சுட்டவை பிற நிறுவனங்களின் தயாரிப்புகள் என்பது உண்மை. ஆயினும் சிகோர்ஸ்கியின் தொழிற்சாலைக்கும் படைத்துறையே பெரும் வாடிக்கையாளர். முரோமெத்சுக்கு நேர்ந்தது இரண்டாம் தடவையும் நேர்ந்தது. உலங்குவானூர்தி காப்பாற்றிய உயிர்களையே அவர் தம் பெருமையாகக் கொண்டார். அவற்றின் எண்ணிக்கை மிகப் பெரிது. ஒரு கணக்கு மற்றொன்றை அழிப்பதில்லை. இரண்டையும் சேர்த்தே அவரை நினைவுகூர வேண்டும்.

1957 இல் ஓய்வு பெற்ற பின்னரும் ஆலோசகராக அலுவலகம் சென்றுவந்த அவர், 1972 ஒக்டோபர் 26 ஆம் திகதி தம் இல்லத்தில் காலமானார். முந்திய நாளும் அவர் பணிக்குச் சென்றிருந்தார். பிறந்த நகருக்கு அவர் திரும்பவேயில்லை. அவர் பெயர்தான் திரும்பியது. அவர் பயின்ற தொழில்நுட்ப நிறுவனம் 2016 இலும், கீவ் நகர விமான நிலையமொன்று 2018 இலும் அவர் பெயரைப் பெற்றன. 2022 பெப்ரவரியில் போர் மூண்டபோது அவ்விமான நிலையத்தின் பயணிகள் சேவை நின்றது. அவருடைய நகரத்தவர் பல்லாயிரவர் பெட்டிகளுடன் எல்லை கடந்தனர்.

சிகோர்ஸ்கி நாட்டை விட்டு வந்தபோது தொழிற்சாலையையோ செல்வத்தையோ கொண்டுவரவில்லை. கற்றதைக் கொண்டுவந்தார். அக்கல்வியின்மேல் நம்பிக்கை வைத்துத் தம் கூலிக் காசைக் கொடுத்தவர்கள், அந்நாட்டின் வங்கியாளர் அல்லர். அவரைப்போன்றே நாடிழந்து வந்த எளிய மக்கள். கோழிப்பண்ணையில் எழுந்த விமானத்தின் உண்மையான இயந்திரம் அதுவே.