ஊரார் சோலை அமைத்த ஸர் ஜோஸப் பாக்ஸ்டன்

அரசரும் பிரபுக்களும் தம் இன்பத்தின்பொருட்டு அமைத்த உத்தியானவனங்கள் எத்தேசத்திலும் உண்டு. அவற்றுள் ஏழைகள் புகுவதாயின் உடையவர் தயவினாலேயே புகுதல் வேண்டும். ஓர் ஊரார் தம் பொதுப்பணத்தைக்கொண்டே நிலம் வாங்கி, யாவரும் உரிமையோடு உலாவத்தக்க சோலையொன்றை அமைத்தது 19-ஆம் நூற்றாண்டின் புதுமையாகும். அதனை உருவாக்கித் தந்த தோட்டக்காரரின் சரிதம் நம் குடும்பங்களில் சிறுவர் முதல் பெரியோர் ஈறாக யாவரும் அறியத்தக்கது.

ஜோஸப் பாக்ஸ்டன் இங்கிலாந்தில் பெட்போர்டுஷயரிலுள்ள மில்டன் பிரையன் என்னும் சிற்றூரில், 1803-ஆம் வருஷத்தில், எளிய உழவர் குடும்பத்தில் ஏழாவது மகனாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு மிகுதியாக வாய்க்கவில்லை. இளமையிலேயே தோட்டவேலையில் புகுந்து, சிஸ்விக் என்னுமிடத்திலிருந்த தோட்டக்கலைச் சங்கத்தாரின் தோட்டத்தில் தொழில் பயின்றார். அதற்கு அயலில் மாளிகையுடையவரான டெவன்ஷயர் பிரபு அவருடைய அறிவையும் பணிவையும் கண்டு, 1826-இல் தமது சாட்ஸ்வொர்த் மாளிகைக்குத் தலைமைத் தோட்டக்காரராக நியமித்தார். அப்பொழுது அவருக்கு 23 வயது நிரம்பவில்லை.

வேலையேற்ற நாளன்று விடியுமுன்னரே அங்கு வந்துசேர்ந்த பாக்ஸ்டன், கதவு திறவாதிருந்தமையால் ஏறிக் கடந்து உட்புகுந்து, தோட்டமுழுதும் சுற்றிப்பார்த்து, ஆறு மணிக்கு ஆட்களை வேலையில் ஏவினாராம். அன்று காலை அங்குக் கண்ட ஸாரா பவுன் என்னும் மங்கையையே மறுவருஷம் மணந்தார். கணவர் வெளியூர் சென்ற காலங்களில் தோட்டத்தின் காரியங்களைத் திறம்படக் கவனித்தவர் அவ்வம்மையாரே.

இனி, அவர் செய்த பேருபகாரத்தைக் கூறுவோம். லிவர்பூலுக்கு எதிர்க்கரையிலுள்ள பர்க்கன்ஹெட், 1801-இல் நூற்றுச் சொச்சம் பேர் வாழ்ந்த குக்கிராமம். கப்பல் கட்டுந் தொழில் முதலியவற்றால் 1841-இல் 8,000 பேருக்கு மேற்பட்ட நகரமாயிற்று. தொழிலாளர் நெருக்கமாய் வாழும் ஊருக்கு நற்காற்றும் விளையாட்டிடமும் வேண்டுமென்று கருதிய நகரத்தார், 1843-இல் பார்லிமெண்டுச் சட்டத்தின்மூலம் அதிகாரம் பெற்று, 226 ஏக்கர் நிலம் வாங்கினர். அதில் 125 ஏக்கரைச் சோலைக்கென ஒதுக்கி, சுற்றிலுமுள்ள மனைகளை விற்றுச் செலவை ஈடுசெய்ய ஏற்பாடு செய்தனர்.

நிலமோ சேறும் சதுப்பும் நிறைந்தது. பாக்ஸ்டன் நீரை வடித்து, ஏரிகள் தோண்டி, தோண்டிய மண்ணையே மேடுகளாகக் குவித்து மரங்கள் நட்டார். எட்வர்டு கெம்ப் என்பவர் வேலையை மேற்பார்த்தார். வாயில்தோறும் வெவ்வேறு பாணியில் காவல்மனைகளும், ஏரிக்கரையில் படகுமனையும், கூரையிட்ட பாலமும், கிரிக்கெட் ஆடும் வெளியும் அமைந்தன. 1847-ஆம் வருஷம் ஏப்ரல் 5-ஆம் தேதி சோலை திறக்கப்பெற்றது.

1850-இல் அதனைக் காணவந்த அமெரிக்கரான பிரெடரிக் ஓம்ஸ்டெட், எல்லா வகுப்பினரும் ஒப்ப மகிழ்தலைக் கண்டு வியந்தார். பின்னர் அவரும் கால்வெர்ட் வாக்ஸ் என்பவரும் 1858-இல் வகுத்த திட்டப்படியே நியூயார்க்கு நகரின் சென்ட்ரல் பார்க்கு உருவாயிற்று.

பாக்ஸ்டனுக்கு உலகப்புகழ் தந்தது 1851-ஆம் வருஷத்து லண்டன் பொருட்காட்சிக்கென அவர் வகுத்த கண்ணாடி மாளிகை. அதற்காக ஸர் பட்டமும் பெற்றார். 1854 முதல் கவெண்ட்ரி நகரின் பிரதிநிதியாகப் பார்லிமெண்டில் அமர்ந்து, 1865-இல் காலமானார். அம்மாளிகை பின்னர் சிடன்ஹாமுக்கு மாற்றப்பட்டு, 1936-இல் தீக்கிரையாயிற்று. சேற்றுநிலத்தில் அவர் வகுத்த சோலையோ இன்றும் ஊராருக்கு நிழல் தருகின்றது.

அன்பர்களே! பிரபுவின் தோட்டத்தில் கற்ற வித்தையை ஏழைத் தொழிலாளியின் மக்களுக்கும் பயன்படுத்தியமையே இப்பெரியாரின் பெருமை. ஊரில் வெற்றிடம் எஞ்சியிருக்கும்பொழுதே அதனைப் பொதுவுக்கென ஒதுக்கிய நகரத்தாரின் முன்யோசனையும் அதற்குக் குறைந்ததன்று. மனைகள் நெருங்கியபின் நிலத்திற்கு எங்கே போவது? நம் ஊர்களிலும் எஞ்சியுள்ள குளக்கரைகளையும் தோப்புகளையும் வெளிகளையும் காணும்பொழுதெல்லாம் இக்கேள்வியை நாம் நினைத்தல் நலம்.