இலைக்குள் ஒளிந்த நிறங்கள்

ஆண்டுத் தொடக்கத்தில் வறட்சி வரும்போது கெடா மாநிலத் தோட்டங்களில் பால்மரங்கள் இலையுதிர்க்கின்றன. உதிர்வதற்கு முன் பச்சை இலைகளில் மஞ்சள் நிறம் படர்கிறது. அந்த மஞ்சள் புதிதாக வந்ததன்று. பச்சையம் சிதைந்ததும், அதுவரை மறைந்திருந்த நிறம் வெளியே தெரிகிறது. இவ்வாறு இலைக்குள் கலந்திருக்கும் நிறங்களைத் தனித்தனியே பிரிக்க வழி கண்டவர் தாவரவியல் அறிஞர் மிக்காயில் சுவெட்.

சுவெட் 1872-ஆம் ஆண்டு இத்தாலியின் அஸ்தி நகரில் பிறந்தார். தந்தை ரஷ்யர், தாய் இத்தாலியர். பிறந்த சிறிது காலத்திலேயே தாயை இழந்த அவர், சுவிட்சர்லாந்தில் வளர்ந்தார். 1896-இல் ஜெனீவாவில் முனைவர் பட்டம் பெற்று ரஷ்யா சென்றார். அங்கு அப்பட்டம் ஏற்கப்படவில்லை. சோர்ந்துவிடாமல் மீண்டும் ஆய்வு செய்து, 1901-இல் கசானில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

பின்னர் வார்சா நகரில் அவர் செய்த சோதனை மிக எளிமையானது. ஒடுங்கிய கண்ணாடிக் குழாயில் சுண்ணக்கட்டித் தூளை இறுக்கி நிரப்பினார். அதன்மேல் இலைச்சாற்றை ஊற்றி, தொடர்ந்து தூய கரைப்பானை விட்டார். தூளோடு நன்கு ஒட்டிய நிறம் மேலே தங்கியது. அவ்வளவாக ஒட்டாதது கீழே நகர்ந்தது. குழாயில் பச்சையும் மஞ்சளும் தனித்தனி வளையங்களாகத் தோன்றின. பச்சையமே இருவகைப்படும் என்பதும் தெரிந்தது. 1903-இல் இம்முறையைப் பற்றி உரையாற்றிய அவர், 1906-இல் அதற்குக் குரோமட்டோகிராஃபி என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் அது நிறத்தையும் எழுத்தையும் குறிக்கும். சுவெட் என்ற ரஷ்யச் சொல்லுக்கும் நிறம் என்பதே பொருள்!

ஆனால், அக்கால வேதியியலாளர்கள் பலர் இம்முறையை நம்பவில்லை. தூளில் பட்டதும் பச்சையம் கெட்டுவிடும் என ஐயுற்றனர். அவர்களுள் ஜெர்மானியரான ரிச்சர்ட் வில்ஸ்டேட்டரும் ஒருவர். அவருடைய பணியும் சிறியதன்று; பச்சையத்தில் மக்னீசியம் என்ற உலோகம் இருப்பதை நிறுவியவர் அவரே. 1915-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் போரினால் சுவெட் வார்சாவை விட்டு வெளியேறினார். ஊர் ஊராக அலைந்து உடல் நலிந்த அவர், 1919-இல் வொரோனேசு நகரில் தம் 47-ஆம் வயதில் காலமானார்.

1931-இல் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் சுவெட்டின் முறையைப் பயன்படுத்தி வெற்றி கண்டனர். அதன்பின் அது உலகெங்கும் பரவியது. 1964-இல் ஜான் மூர் என்ற அமெரிக்கர், தூளுக்குப் பதிலாக நுண்துளை மணிகளை நிரப்பும் முறையை வெளியிட்டார். சிறிய மூலக்கூறுகள் துளைகளுக்குள் புகுந்து தாமதமாக வருகின்றன. பெரியவை புக முடியாமல் முந்தி வெளியேறுகின்றன. உலோக அணுக்கள் சேர்ந்த பாலிமர்களை உருவாக்குவோர், வினை நடக்கும்போதே அவ்வப்போது மாதிரி எடுத்து இவ்வாறு சோதிக்கின்றனர். நேரம் செல்லச் செல்ல முந்தி வருபவை மிகுந்தால், சங்கிலிகள் வளர்கின்றன என்று அறியலாம். பால்மரத்துப் பாலிலுள்ள ரப்பரும் ஒரு பாலிமரே. அதன் சங்கிலிகளின் நீளத்தை அறியவும் இம்முறையே உதவுகிறது.